கரிக்கோட்டுக் கணக்கு

ஏமாற்றியவன் தெருவில் தலைநிமிர்ந்து நடக்கின்றான். ஏமாந்தவனோ வீட்டுக்குள் தலைகவிழ்ந்து கிடக்கின்றான். நம்மவரிடையே நெடுங்காலமாக நிலவிவரும் தலைகீழ் வழக்கம் இது. பொருளைப் பறிகொடுத்தவர், அப்பொருளினும் மானத்தையே பெரிதும் இழந்துவிட்டதாகக் கருதி வாய்மூடி இருந்துவிடுகின்றார். அதனால் பறித்தவனுக்கு அடுத்த வீட்டுக் கதவும் திறந்தே கிடக்கின்றது. இவ்வழக்கத்திற்கு நாமும் விலக்கு அல்லோம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கின்றோம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தோட்டப் பள்ளியிலும் பட்டணத்துப் பள்ளியிலும் ஆசிரியத் தொழில் புரிந்து, எதனையும் ஆராய்ந்து ஏற்றுக்கொள்ளுமாறு பிள்ளைகளுக்கு ஓயாது உரைத்துவந்த நாம், 2022ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஓரிரவு, 4 வெள்ளி 90 காசு என்னும் அற்பத் தொகையைக் காட்டிய ஒருவனிடம் 3,590 வெள்ளியைப் பறிகொடுத்தோம். பின்னர் அப்பணத்தின் பொருட்டு ஒரு வங்கியின் வாயிலில் நாம் நின்ற நிலையையே ஈண்டு எழுதப் புகுந்தோம். தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் நம் அன்பர்களுள் ஒருவருக்கேனும் இது பயன்படுமாயின் நம் நாணத்திற்கு விலை கிடைத்ததாகக் கொள்வோம்.

அதனைச் சொல்லுமுன் நம் தந்தையாரைப் பற்றிச் சிறிது சொல்லல் வேண்டும். கோலசிலாங்கூர் வட்டாரத்தில் ஒரு பால்மரத் தோட்டத்து லயத்தில் நாம் பிறந்து வளர்ந்தோம். தந்தையார் பள்ளி வாயிலை மிதியாதவர். கையெழுத்துக்குப் பெருவிரலையே நம்பியவர். ஆயினும் அவரிடம் ஒரு கணக்குப் புத்தகம் இருந்தது. லயத்து வீட்டின் பின்புறப் பலகைச் சுவரே அப்புத்தகம். அடுப்புக் கரியே எழுதுகோல். வேலைக்குச் சென்ற ஒவ்வொரு நாளும் மாலையில் ஒரு கோடு இழுப்பார். மழையால் வெட்டு நின்ற நாளுக்கு ஒரு புள்ளி. அரைநாட் பேருக்கு அரைக் கோடு. 1960களில், நாம் சிறுபிள்ளையாயிருந்த காலத்தே, ஒரு மாதம் சம்பள நாளன்று ஆபீசுச் சன்னலண்டை நின்ற தந்தையாருக்கு 24 நாட் சம்பளமே எண்ணிக் கொடுக்கப்பட்டது. சுவரிலோ 26 கோடுகள். தந்தையார் தலைத்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இன்ன கிழமையில் இன்ன நிரையில் வெட்டினேன், அன்று பால் நிறுத்தவர் இன்னார் என ஒவ்வொன்றாக ஒப்புவித்தார். வரிசையில் நின்ற சிலர் நகைத்தனர். கிராணியார் முதலிற் சினந்தார். பின்னர்ச் செக்ரோலைப் புரட்டினார். இரண்டு நாட்களுக்குப் பேர் விடுபட்டிருந்ததைத் தாமே கண்டு திருத்தினார். வீடு திரும்பும் வழியில் தந்தையார் நம்மை நோக்கி, “கேட்கிறதுக்கு வெட்கப்படாதே, தம்பி, கணக்கு இல்லாம மட்டும் கேட்காதே” என்றார். அன்று அச்சொல்லை நாம் பொருட்படுத்தவில்லை. அறுபது வயதைத் தாண்டிய பின்னரே அதன் பொருள் நமக்கு விளங்கிற்று.

நிற்க. அவ்விரவு நிகழ்ந்தது இது. பினாங்கில் பணிபுரியும் நம் மகள், சில புத்தகங்களை அஞ்சலில் அனுப்பியிருப்பதாக முன்னாளே சொல்லியிருந்தாள். உணவு முடித்து அமர்ந்திருந்த வேளையில் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. தங்கள் பொட்டலம் முகவரிக் குறைவால் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. மீண்டும் கொண்டுவந்து சேர்ப்பிக்க 4 வெள்ளி 90 காசு செலுத்துக என்றது அது. கீழே ஓர் இணைய முகவரி. அதனைத் தொட்டவுடன் அஞ்சல் நிலையத்தின் சின்னமும் நிறமும் கொண்ட பக்கம் விரிந்தது. கடனட்டையின் முன்புறத்துள்ள 16 இலக்க எண்ணையும், அட்டை காலாவதியாகும் மாதத்தையும் ஆண்டையும், பின்புறத்துள்ள மூன்று இலக்கங்களையும் கேட்டது. கொடுத்தோம். உடனே நம்மவர் ‘டேக்’ எண் என வழங்கும் ஆறு இலக்க ஒருமுறை எண் வங்கியிலிருந்து வந்தது. மணி 9.05. அதனையும் அப்பக்கத்தில் இட்டோம்.

அந்த எண்ணைத் தாங்கி வந்த செய்தி வங்கியின் மெய்யான செய்திதான். அதிற் பொய் ஏதுமில்லை. இன்ன கடையில், 1,890 வெள்ளிக்கு, இந்த எண் என்று அது ஆங்கிலத்தில் தெளிவாகவே சொல்லியிருந்தது. நாமோ ஆறு இலக்கங்களை மட்டும் கண்டோம். அவற்றிற்கு முன்னிருந்த சொற்களைப் படித்தோம் அல்லோம். 4 வெள்ளி 90 காசுக்கு வந்த எண் என்று நம் மனம் முன்னரே முடிவு கட்டியிருந்தது. கயவன் நம்மிடம் பூட்டை உடைக்கவில்லை. திறவுகோலைக் கேட்டான், நாம் கொடுத்தோம். இதனை மறைத்து எழுதினால் இக்கட்டுரை ஒரு காசுக்கும் பெறாது.

9.14க்கு முதற்செய்தி: 1,890 வெள்ளி கழிக்கப்பட்டது. 9.19க்கு இரண்டாவது: வெளிநாட்டுக் கடையொன்றில் 960 வெள்ளி. இதற்கு டேக் எண் எதுவும் நம்மிடம் வரவுமில்லை, கேட்கப்படவுமில்லை. நெஞ்சு படபடக்க அட்டையின் பின்புறத்துள்ள எண்ணை 9.22க்கு அழைத்தோம்.

ஓர் இயந்திரக் குரல் எம்மை வரவேற்றது. மலாய்க்கு ஒன்று, ஆங்கிலத்திற்கு இரண்டு, சீனத்திற்கு மூன்று என்றது. தமிழுக்கு எண் இல்லை. இரண்டை அழுத்தினோம். புதிய அட்டை வேண்டுமா, வீட்டுக் கடன் வேண்டுமா, சேர்ந்துள்ள புள்ளிகளுக்குப் பரிசு வேண்டுமா என்றெல்லாம் கேட்டுக் கேட்டு, அட்டை களவு போனதா என்னும் கேள்விக்கு அது ஆறாவதாகவே வந்து சேர்ந்தது. அதனை அழுத்திய பின் இசை தொடங்கிற்று. இரண்டு நிமிடத்திற்கு ஒருமுறை இசையை நிறுத்தி, ‘தங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது’ என்று அக்குரல் உறுதி கூறிற்று. இவ்வாறு எம் அழைப்பு முக்கியமாயிருந்த வேளையிலேயே, 9.41க்கு, மூன்றாவது செய்தி வந்தது: 740 வெள்ளி. கள்வன் உள்ளே மூட்டை கட்டிக்கொண்டிருக்க, வீட்டுக்காரன் காவற்சாவடியின் கதவைத் தட்டிக்கொண்டு இசை கேட்டு நின்ற கதையாயிற்று. மணி பத்துக்கு ஒரு பெண்ணின் குரல் கேட்டது. முப்பத்தெட்டு நிமிடம் காத்திருந்தோம்.

அப்பெண் முறைப்படி எம் அடையாள அட்டை எண்ணையும், பிறந்த தேதியையும், தாயார் பெயரையும், கடைசியாக எத்துணைத் தொகை செலுத்தினோம் என்பதையும் வினவினாள். எமக்குச் சினம் பொங்கிற்று. “திருடனிடம் ஒன்றும் கேளாமல் கொடுத்தீர்கள், உடையவனிடம் ஊரும் பேரும் கேட்கின்றீர்களே! நீங்கள் எல்லோரும் அவனுக்குக் கூட்டாளிகளா?” என்று உரத்த குரலிற் கூவினோம். எதிர்ப்புறம் சிறிதுநேரம் ஓசையின்றி இருந்தது. பின்னர் அவள் குரல் மாறாமல் அட்டையை முடக்கிவிட்டதாகக் கூறி, ஒரு புகார் எண்ணையும் கொடுத்தாள். மறுநாளே போலீசில் புகார் எழுதிக்கொடுத்து அதன் படியை அனுப்புமாறு சொன்னாள். எம் பெயரைக் கொண்டு எம்மை இன்னார் என்று உணர்ந்திருக்க வேண்டும். பேச்சை முடிக்குமுன் தாழ்ந்த குரலில், தமிழில், “ஐயா, எத்தனை மணிக்குக் கூப்பிட்டீங்கன்னு எழுதி வெச்சுக்குங்க. கைப்பேசியில இருக்கிறதையும் அழிச்சிடாதீங்க” என்றாள்.

நாட்காட்டியில் ஒரு தாளைக் கிழித்து அதன் பின்புறத்தில் எழுதினோம்: 9.05, 9.14, 9.19, 9.22, 9.41, 10.00. எழுதியபொழுதுதான் லயத்துச் சுவரின் கரிக்கோடுகள் நினைவுக்கு வந்தன. அப்பெண் எத்தோட்டத்து மகளோ, எவ்வூர்க் குடியிருப்பில் வளர்ந்தவளோ அறியோம். இரவுப் பணியில் அமர்ந்து, பிறர் செய்த கேட்டிற்காக வசைமொழி கேட்பதே அவளுக்கு ஊதியமாயிற்று. கிராணியார் தம் சன்னலுக்குப் பின்னே சம்பளப் பெட்டியை வைத்திருந்தார்; அவள் கையில் பெட்டியும் இல்லை, சாவியும் இல்லை. அவளை இகழ்ந்ததை நினைத்து இன்றும் நாணுகின்றோம். அவள் பெயரைக் கேட்டுக் குறித்துவைக்கத் தவறியதும் எம் குற்றமே.

மறுநாட் காலை போலீஸ் நிலையம் சென்று புகார் எழுதிக்கொடுத்தோம். ஆனால் வீட்டில் எதுவும் சொன்னோம் அல்லோம். கடைக்குப் போய்வருவதாகச் சொல்லிச் சென்று, கடைக்கும் போகாமல் திரும்பினோம். இரண்டு வாரம் இவ்வண்ணம் கள்ளனைப் போல் வீட்டிலே நடமாடினோம். வங்கியின் மாதக் கணக்குத்தாள் வந்தபொழுது அதனை முதலிற் பிரித்தவர் நம் துணைவியார். 3,590 வெள்ளி என்ற எண்ணைக் கண்டு அவர் எம்மை நோக்கினார். சொன்னோம். சொல்லி முடித்தபின், ஏசுவார் என்று எதிர்பார்த்து இருந்தோம். அவரோ, “திருடினவன் வெட்கப்படல; நீங்க ஏன் இப்படி ஒடுங்கிப் போறீங்க?” என்று கேட்டுவிட்டு உள்ளே சென்று, பாதி எழுதிய மளிகைக் கணக்கு நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். முன்பாதியில் அரிசியும் பருப்பும் இருந்தன. பின்பாதியில் வங்கி குடியேறிற்று.

அந்நோட்டில் ஒவ்வோர் அழைப்பிற்கும் நாள், நேரம், பேசியவர் பெயர், சொன்ன சொல் ஆகிய நான்கையும் எழுதிவந்தோம். அதன் பயன் விரைவிலேயே தெரிந்தது. விசாரணை முடியும்வரை அத்தொகையைச் செலுத்த வேண்டியதில்லை என்றார் ஒருவர். முதலிற் செலுத்துங்கள், பிறகு திருப்பித் தருவோம் என்றார் மற்றொருவர். குறைந்த தொகையை மட்டும் செலுத்துங்கள் என்றார் மூன்றாமவர். நான்காமவர், இது தம் பிரிவன்று என்று கூறி மீண்டும் இசைக்கே எம்மை ஒப்படைத்தார். ஒரே வங்கி, ஒரே கேள்வி, நான்கு விடை! நாம் செலுத்தாது நிற்கவே, அடுத்த மாதக் கணக்கில் தாமதக் கட்டணமாக 35 வெள்ளி 90 காசும், அதன்மேல் வட்டியும் ஏறின. மலேசியாவில் கடனட்டைக்கான வட்டி ஆண்டொன்றுக்கு நூற்றுக்குப் பதினெட்டுவரை செல்லும் என்பதை அன்பர்கள் மறத்தலாகாது. களவு போன பணம் குட்டி போடத் தொடங்கியது.

ஐந்து வாரத்திற்குப் பின் வங்கியின் கடிதம் வந்தது. இரண்டே பத்தி. மேற்படி கொடுக்கல்கள் ஒருமுறை எண்ணால் உறுதிசெய்யப்பட்டவை ஆதலின், அவற்றிற்கு அட்டைதாரரே பொறுப்பு என்பது அதன் சாரம். மூன்று கொடுக்கல்களையும் ஒரே கயிற்றாற் கட்டி எம் கழுத்தில் மாட்டியிருந்தனர்.

இவ்விடத்தில் அட்டை வணிகம் நடக்கும் முறையைச் சிறிது விளக்குவது நலம். நாம் ஒரு கடையில் அட்டையைப் பயன்படுத்தும்பொழுது நால்வர் சம்பந்தப்படுகின்றனர்: நாம், கடைக்காரர், நமக்கு அட்டை கொடுத்த வங்கி, கடைக்காரரின் வங்கி. இவ்விரு வங்கிகளுக்கும் இடையே நின்று தரகு செய்வது அட்டை நிறுவனம். இணையக் கடையில் அட்டையைக் கண்ணாற் காண இயலாது. எண்களை மட்டுமே காணலாம். ஆகவே, வாங்குபவர் உடையவர்தாமா என அறிய டேக் எண் கேட்கும் முறை ஏற்பட்டது. ஆனால் எல்லாக் கடைக்காரரும் அதனைக் கேட்பதில்லை; வெளிநாட்டுக் கடைகளுட் பல, விற்பனை தடைபடுமென்று அஞ்சிக் கேளாமலே விற்கின்றன. அட்டை நிறுவனங்களின் பொதுவிதிப்படி, கடைக்காரர் அவ்வாறு உறுதிசெய்து விற்றிருந்தால் மோசடியின் நட்டம் பெரும்பாலும் அட்டை கொடுத்த வங்கியின் பக்கம் சாரும். உறுதிசெய்யாமல் விற்றிருந்தால் கடைக்காரர் பக்கமே சாரும். பின்னதில், நம் வங்கி முறையிட்டுக் கடைக்காரரின் வங்கியிடமிருந்து அப்பணத்தைத் திரும்பப் பெற வழியுண்டு. அஃதாவது, டேக் எண் இல்லாமற் போன பணத்தை வாடிக்கையாளருக்குத் திருப்பித் தருவதால் வங்கியின் பெட்டி காலியாகிவிடாது. ஒரு படிவத்தை நிரப்பும் உழைப்பே அதற்கு வேண்டுவது. இவ்வுண்மையை எந்த அலுவலரும் எமக்குச் சொல்லவில்லை; நாமே படித்துத் தெரிந்துகொண்டோம்.

மேலும், வங்கியின் முடிவே இறுதி முடிவு அன்று என்பதையும் அறிந்தோம். 2016ஆம் ஆண்டு அக்டோபர் முதல் இந்நாட்டில் நிதிச் சேவைகளுக்கான குறைதீர்ப்பாளர் அமைப்பு ஒன்று இயங்கிவந்தது. வங்கியின் இறுதி விடை கிடைத்த ஆறு மாதத்திற்குள் அதனிடம் முறையிடலாம், முறையிடுபவருக்குக் கட்டணமில்லை. 2025ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று அது பங்குச் சந்தைக் குறைகளைத் தீர்க்கும் அமைப்போடு இணைந்து, நிதிச் சந்தைக் குறைதீர்ப்புச் சேவை என்னும் பெயர் பெற்றது. வங்கிகளை மேற்பார்க்கும் பேங்க் நெகாராவிற்கும் எழுதலாம். இத்துணை வாயில்கள் இருக்க, நாம் ஒரே வாயிலில் நின்று தலையை மோதிக்கொண்டிருந்தோம்.

வழக்கறிஞரை நாடவில்லை. ஒருநாள் முழுதும் அமர்ந்து ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கடிதம் எழுதினோம். வசைமொழி ஒன்றும் எழுதவில்லை. அப்பெண்ணிடம் கொட்டிய வசையே எம் ஆயுளுக்குப் போதும். நான்கு கூற்றுகளை மட்டும் வரிசையாக வைத்தோம். முதலாவது, 1,890 வெள்ளிக்கான எண்ணை நாமே இட்டோம், மறுக்கவில்லை. இரண்டாவது, 960க்கும் 740க்கும் டேக் எண் எதுவும் எமக்கு வரவில்லை. அங்ஙனமிருக்க மூன்றும் அவ்வெண்ணால் உறுதிசெய்யப்பட்டவை என்று எழுதியது எவ்வாறு? மூன்றாவது, 740 வெள்ளி போனது 9.41க்கு; நாம் வங்கியை அழைத்தது 9.22க்கு. பத்தொன்பது நிமிடம் தங்கள் வாயிலில் நின்றோம் என்பதற்கு எம் கைப்பேசிப் பதிவும் தங்கள் பதிவும் சான்று. அறிவிப்பில் தாமதம் எம்முடையதன்று. நான்காவது, தாமதக் கட்டணம் குறித்துத் தங்கள் அலுவலர் நால்வர் சொன்ன நான்கு விடைகளை, நாளும் நேரமும் பெயரும் குறித்து, இத்துடன் இணைத்துள்ளோம். இவற்றுள் எது தங்கள் விடை? இதற்கு எழுத்தில் இறுதி விடை தருக. தாராவிடில் குறைதீர்ப்பாளரிடம் செல்வோம் என்று முடித்தோம். வங்கியின் புகார்ப் பிரிவுக்குப் பதிவு அஞ்சலில் அனுப்பி, ரசீதை நோட்டில் ஒட்டினோம்.

மூன்று வாரத்தில் விடை வந்தது. 1,700 வெள்ளியைத் திருப்பித் தருவதாகவும், தாமதக் கட்டணத்தையும் வட்டியையும் நீக்குவதாகவும் அதில் கண்டிருந்தது. 1,890 வெள்ளிக்கு நாமே பொறுப்பு என்ற முடிவு மாறவில்லை. அதற்காகக் குறைதீர்ப்பாளரிடம் செல்வதா என இரண்டு நாள் ஆலோசித்தோம். அப்பக்கம் போலி என்பதைக் கண்டறிந்து தடுக்கும் கடமை பிறர்க்கும் உண்டே என்று ஒருபுறம் எண்ணினோம். படியாமல் இட்டது எம் கையே என்று மறுபுறம் எண்ணினோம். முடிவில் அதனைக் கற்றற்குக் கொடுத்த கட்டணமாக வைத்துக்கொண்டோம். வேறொருவர் வேறு முடிவு செய்திருக்கலாம். அதற்கு அவருக்கு உரிமை உண்டு. ஆனால் ஒன்று எம் மனத்தை உறுத்திற்று. திருப்பித் தந்த 1,700 வெள்ளியையும் வங்கி ‘நல்லெண்ண அடிப்படையில்’ தருவதாக எழுதியிருந்தது. தந்தையாருக்கு விடுபட்ட இரண்டு நாட் பேரைப் போட்ட கிராணியார் அதனை நல்லெண்ணம் என்று சொல்லவில்லை, திருத்தம் என்றார். கொடுக்கவேண்டியதைக் கொடுத்துவிட்டு அதற்குக் கொடை என்று பெயரிடுவது, வாங்குபவனைக் குனியச் செய்யும் பழைய வழக்கமேயன்றி வேறில்லை.

இது நம் ஒருவரின் குறையுமன்று. அண்டைச் சிங்கப்பூரில் 2021ஆம் ஆண்டு டிசம்பரில் ஓசிபிசி வங்கியின் பெயரால் போலிக் குறுஞ்செய்திகள் பரவின. அவை வங்கியின் மெய்யான செய்திகள் வந்த அதே வரிசையிலேயே கைப்பேசியில் வந்து விழுந்தமையால், படித்தவரும் பணியில் இருப்பவரும் ஒருங்கே ஏமாந்தனர். ஏறத்தாழ 790 பேர் 13.7 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளியை இழந்தனர். அவ்வங்கி இழந்தவர் அனைவருக்கும் முழுத் தொகையையும் கொடுத்தது. அதுவும் நல்லெண்ணத்தின் பேராலேயே கொடுக்கப்பட்டது. ஆயினும் அவர்கள் வாய்திறந்து பேசியதால் விளைந்த நன்மை பெரிது. 2022 ஜனவரியில், வாடிக்கையாளருக்கு அனுப்பும் செய்திகளில் தொடத்தக்க இணைய முகவரிகளை நீக்குமாறு அங்கே வங்கிகள் பணிக்கப்பட்டன. பதிவு செய்யாத பெயரில் வரும் குறுஞ்செய்திகள் மோசடியாயிருக்கலாம் என்னும் முத்திரையோடு வரும் முறை 2023 ஜனவரி இறுதியில் நடைமுறைக்கு வந்தது. 2024 டிசம்பர் 16 முதல், இத்தகைய மோசடிகள் சிலவற்றில் வங்கியோ தொலைத்தொடர்பு நிறுவனமோ தன் கடமையில் தவறியிருந்தால் நட்டத்தை அதுவே ஏற்கவேண்டும் என்னும் பொறுப்புப் பகிர்வு ஏற்பாடு உண்டாயிற்று.

நம் நாட்டிலும் 2022 செப்டம்பரில், குறுஞ்செய்தி வழியே டேக் எண் அனுப்பும் முறையைக் கைவிட்டு, அதனினும் பாதுகாப்பான முறைக்கு மாறுமாறும், மோசடிப் புகாருக்கெனத் தனித் தொலைபேசி வழி வைக்குமாறும் பேங்க் நெகாரா வங்கிகளுக்கு அறிவித்தது. அவ்வாண்டு அக்டோபரில் 997 என்னும் எண்ணோடு தேசிய அளவில் மோசடிப் புகார் மையம் ஒன்று தொடங்கப்பெற்றது. சிங்கப்பூரில் அதற்கு ஒப்பான உதவி எண் 1799. இவை எல்லாம் யாரோ சிலர் நாணத்தை விட்டுப் பேசியதால் வந்த பயன்கள். வாய்மூடி அழுதவர்களால் ஒரு விதியும் திருந்தவில்லை.

வாய்மூடி அழுதவர் ஒருவரைப் பற்றியும் சொல்லவேண்டும். நம் தெருவிலே ஓர் அம்மையார் வாழ்கின்றார், விதவை, நாற்பது ஆண்டு பால் வெட்டியவர், தோட்டம் துண்டாடப்பட்டபின் பட்டணம் வந்தவர். நாம் பட்ட பாட்டைத் துணைவியார் அவரிடம் ஒருநாள் சொல்ல, அவர் நெடுநேரம் பேசாதிருந்து, தாமும் பணம் இழந்ததாகச் சொன்னார். எட்டு மாதத்திற்கு முன் போலீஸ் அதிகாரி என்று ஒருவன் தொலைபேசியில் அழைத்து, அவர் பெயர் போதைப்பொருள் வழக்கில் அகப்பட்டிருப்பதாக மிரட்டி, சேமநிதியிலிருந்து எடுத்துவைத்த 11,000 வெள்ளியைப் ‘பாதுகாப்பான கணக்குக்கு’ மாற்றச் செய்திருக்கின்றான். பிள்ளைகள் ஏசுவார்கள் என்று அவர் எவரிடமும் சொல்லவில்லை. வங்கிக்கும் செல்லவில்லை. சென்ற இடம் ஒன்றே: குறி சொல்பவன் வீடு. அவன் 301 வெள்ளி பெற்றுக்கொண்டு, பணம் தெற்குத் திசையில் இருப்பதாகவும் தை பிறந்தால் திரும்பி வருமென்றும் சொல்லியனுப்பினான். தையும் பிறந்தது, மாசியும் போயிற்று.

அவரை அழைத்துக்கொண்டு போலீஸ் நிலையத்திற்கும் வங்கிக்கும் சென்றோம். வங்கி அதிகாரி பொறுமையாகவே கேட்டார். ஆனால் எட்டு மாதம் என்பது நீண்ட காலம். இத்தகைய பணம், கூலிக்குக் கணக்கை இரவல் கொடுப்பவர் பலருடைய கணக்குகளின் வழியே சில மணி நேரத்திற்குள் கைமாறிப் போய்விடுகின்றது. பணம் நகருமுன் மறித்தால்தான் உண்டு. அம்மையாருக்கு ஒரு காசும் திரும்பவில்லை. எமக்கு 1,700 வெள்ளியை மீட்டுத் தந்தது எம் கல்வியன்று. அந்த இரவிலேயே அழைத்தோம், அழைத்த நேரத்தை எழுதினோம் என்பதே. இரண்டையும் அவரும் செய்திருக்கக்கூடும். செய்யவிடாமல் அவர் வாயை அடைத்தது கள்வன் அன்று. ஊர் என்ன சொல்லும் என்னும் அச்சமே. அவ்வூரில் நாமும் ஒருவர் என்பதை எண்ணும்பொழுது அந்த 11,000 வெள்ளியில் நமக்கும் பங்குண்டு என்றே தோன்றுகின்றது.

ஆகவே அன்பர்களே, பட்டறிந்த சிலவற்றைச் சொல்லி முடிக்கின்றோம். ஆறு இலக்க எண் வந்தால், எண்ணைப் படிக்குமுன் அதனோடு வந்த சொற்களைப் படியுங்கள், ஆங்கிலம் தெரியாதவர் படிக்கத் தெரிந்த பிள்ளைகளைக் கேட்டுத் தெளியுங்கள், தெளியும்வரை இடாதீர்கள். செய்தியில் வரும் முகவரியைத் தொடாதீர்கள். பணம் போனது தெரிந்த அக்கணமே வங்கியையும், மலேசியாவாயின் 997ஐயும் அழையுங்கள். அழைத்த நேரத்தை எழுதுங்கள். மறுநாளே போலீசிற் புகார் செய்து படியை வைத்துக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லை நம்பாது எழுத்தில் விடை கேளுங்கள். எதிர்ப்புறம் பேசும் ஏழைப் பணியாளரை ஏசாதீர்கள். அவர் நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கக்கூடும். வங்கிகளும் அவசர வேளைக்கான எண்ணை ஆறாவதாக வையாமல் முதலாவதாக வைக்கட்டும். நாற்பது ஆண்டு பால் வெட்டியவரின் சேமிப்பைத் தமிழிலேயே வாங்கிக்கொள்ள முடிகின்றபொழுது, அவரது குறையையும் தமிழிலே கேட்க ஒரு வழி செய்யட்டும்.

சென்ற ஆண்டு எம் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் இதனையெல்லாம் சொன்னோம். சொல்லி முடித்து, இத்தகைய ஏமாற்றில் பணம் இழந்தவர் எவரேனும் உண்டா என்று கேட்டோம். மண்டபம் அமைதியாயிருந்தது. பின்வரிசையில் அமர்ந்திருந்த அவ்வம்மையாரே முதலிற் கையை உயர்த்தினார். அதன்பின் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கைகள் எழுந்தன. எண்ணிப் பார்த்தோம்; பதினொன்று. அந்த எண்ணிக்கையையும் மளிகை நோட்டில், அன்றைய தேதியிட்டு, எழுதி வைத்திருக்கின்றோம்.